மஞ்சளுக்குப் பயப்படாதீர்கள், கடிப்பதை மறைக்காதீர்கள்

போன கிழமை மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா வந்தார். மூன்று மாதத்துக்கு முன் எங்கள் கிளினிக்கில் சாய ஊசி போட்டுக் கண் படம் எடுத்தவர். சீனி வருத்தத்தால் விழித்திரையின் இரத்தக்குழாய்கள் கசிவது அந்தப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த கிழமையே லேசர் சிகிச்சைக்கு வரச் சொல்லி, அட்டையில் திகதியும் எழுதிக் கொடுத்திருந்தோம். வரவில்லை. இப்போது வலது கண்ணுக்குள் இரத்தம் பரவி, முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஆடுவது மட்டும் தெரிகிறது.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். அன்றிரவு சலம் கடும் மஞ்சளாகப் போயிருக்கிறது. பக்கத்து வீட்டில் செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்று சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்து, பத்தியம் இருந்து, சூடு என்று சீனிக் குளிசையையும் நிறுத்தியிருக்கிறார். “அந்த ஊசி கிட்னியை அடிச்சுப் போட்டுது மிஸி, அதுதான் திரும்பி வரல்ல” என்றார்.

இந்த வருடம் இப்படிப் பயந்து லேசரைத் தவறவிட்ட நாலாவது ஆள் இவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஊசியில் இருப்பது புளோரெசீன் என்ற சாயம். வயலில் சூடு மிதிக்கும்போது உமி தெறித்துக் கண் உறுத்தினால், டொக்டர் ஒரு செம்மஞ்சள் காகிதத் துண்டைக் கண்ணில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார், கீறல் பச்சையாக மின்னும். அதே சாயம்தான் இது. 1961 முதல் கைநரம்பில் ஏற்றி விழித்திரையைப் படம் பிடிக்கிறார்கள். ஊசி கண்ணில் இல்லை, கையில்தான். வழக்கமாக 500 மில்லிகிராம், அதாவது பத்து வீதக் கரைசலில் 5 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி அளவு. பத்துப் பதினைந்து செக்கனில் கண்ணுக்குப் போய்விடும்.

சரி, அந்தச் சாயம் பிறகு எங்கே போகும்? உடம்பில் தங்காது. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சாயம் மஞ்சள், அது கலந்த சலமும் மஞ்சள், இவ்வளவுதான். ஒரு முறை சிரிஞ்சிலிருந்து ஒரு துளி என் வெள்ளைச் சட்டைக் கையில் பட்டது. செம்மஞ்சளாக இருந்த துளி, தண்ணீர் விட்டுக் கசக்கியதும் பச்சை கலந்த மஞ்சளாகப் பளபளத்து, கழுவுதொட்டி முழுக்க ஓடியது. ஒரு துளியே இப்படி என்றால் ஒரு தேக்கரண்டி எப்படியிருக்கும்? முகமும் கையும்கூடச் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும். சலம் ஒரு நாள், கூடினால் ஒன்றரை நாள். செங்கமாரி என்றால் மஞ்சள் நாளுக்கு நாள் கூடும். இது ஊசி போட்ட சில நிமிடத்தில் வந்து, மறுநாளே குறையத் தொடங்கும். மஞ்சளாகப் போகிறதென்றால் உங்கள் சிறுநீரகம் வேலை செய்கிறது, சாயத்தை வெளியே தள்ளுகிறது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்குத்தான் நிறம் போக நாள் பிடிக்கும். அவர்களுக்குக்கூட இந்தச் சோதனை கூடாது என்றில்லை. முன்கூட்டிச் சொன்னால் டொக்டர் தேவைப்படி அளவைக் குறைப்பார்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். சிடி ஸ்கானுக்கு மருந்து ஏற்ற முன் கிட்னி இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். வீட்டில் யாருக்காவது அப்படிக் கேட்டிருப்பார்கள். அது அயடீன் கலந்த வேறு மருந்து. இதில் அயடீனே இல்லை. வடமத்திய மாகாணத்து விவசாயிகளின் சிறுநீரக நோயைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, வயல் செய்கிற எங்கள் ஆட்களுக்கும் சலத்தின் நிறம் மாறினாலே நெஞ்சு பதறுகிறது. அந்தப் பதற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சீனிக் குளிசையை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

வாவி இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இந்தச் சோதனை செய்யலாம். இறால் அலர்ஜிக்குக் காரணம் அதன் புரதம், அயடீன் அல்ல. இருந்தாலும் சொல்லுங்கள், உங்களைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்போம். இன்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தில் அயடைட் உண்டு. அது போடுவதானால் அயடீன் ஒவ்வாமையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. அதை யாரும் எங்களிடம் சொல்வதில்லை.

கல்முனைப் பக்கமிருந்து வந்த ஒரு உம்மா. ஊசி போட முன் மூன்று முறை கேட்டேன், முந்தி எப்போதாவது இந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று. இல்லை, இல்லை, இல்லை. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கழுத்தைச் சொறியத் தொடங்கினார். முகவாயைத் தாங்கியிலிருந்து எடுத்துப் பார்த்தால் கழுத்திலும் மார்பிலும் கைகளிலும் தடிப்பு. உதடு வீங்குகிறது, குரல் கம்முகிறது. தொடைத் தசையில் அட்ரினலின் போட்டோம், ஒட்சிசன் வைத்தோம். அரை மணித்தியாலத்தில் மூச்சு சீரானது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “போன முறையும் கொஞ்சம் கடிச்ச மகள். சொன்னா ஊசி போட மாட்டீங்க எண்டுதான் சொல்லல்ல.”

முதல் முறை உடம்பு கடித்தது (அரித்தது) என்றால் அடுத்த முறை அது பெரிதாகலாம். முதல் முறை ஒன்றும் செய்யவில்லை என்பதும் உத்தரவாதம் இல்லை. பாரதூரமான எதிர்வினை அபூர்வம். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஏறத்தாழ 1,900 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டார்கள். மரணம் 2,22,000க்கு ஒன்று. அந்த ஒருவர் யாரென்று முகத்தைப் பார்த்து எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும். சொன்னால் வேறு வழி தேடலாம், சாயமே இல்லாமல் படம் எடுக்கும் ஸ்கானும் இப்போது உண்டு. சாயம் கசிவதை அது நேரடியாகக் காட்டாது, ஆனாலும் உயிரைப் பணயம் வைப்பதைவிட அது மேல்.

ஊசி ஏறி ஒரு நிமிடத்துக்குள் சிலருக்கு ஓங்காளம் வரும், சிலர் சத்தி எடுப்பார்கள். ஆழமாக மூச்சு விடுங்கள், இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். ஊசி போட்ட இடம் எரிந்தால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். சாயம் நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும், உடனே சத்தம் போடுங்கள்.

வரும்போது குடிக்கும் எல்லாக் குளிசையையும் பையோடு கொண்டுவாருங்கள், கண்ணுக்கு விடும் துளியையும் சேர்த்து. அட்டெனோலோல் போன்ற பிரஷர் குளிசையும் டிமோலோல் துளியும் அவசரத்தில் அட்ரினலின் வேலை செய்வதைத் தடுக்கக்கூடும். அதற்காக நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களா என்று முதலே கேளுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டு வாருங்கள். சீனிக் குளிசையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக வந்து, வரிசையில் மயங்கி விழுகிறீர்கள், பழி ஊசிக்குப் போகிறது. கர்ப்பிணி என்றாலும், பால் கொடுக்கும் தாய் என்றாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், சாயம் தாய்ப்பாலிலும் போகும்.

படம் முடிந்து அரை மணித்தியாலம் எங்கள் கண்ணெதிரே இருங்கள். பஸ் போகிறது என்று ஓடாதீர்கள். கண்மணி விரிய மருந்து விட்ட கண்ணோடு உச்சி வெயிலில் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது, ஓட்ட ஒருவரைக் கூட்டிவாருங்கள். தோல் மஞ்சளாக இருக்கும்வரை வெயிலில் நிற்க வேண்டாம், எரிந்துவிடும். மூன்று நாலு நாளைக்கு இரத்தமோ சலமோ சோதிக்க நேர்ந்தால் சாயம் ஏற்றியதை லேப்பில் சொல்லுங்கள், முடிவு பிழைக்கலாம்.

அந்த ஐயாவின் இடது கண்ணுக்கு இன்று மறுபடியும் சாயம் ஏற்றினோம், அது இன்னும் தப்பக்கூடும். இந்த முறை மனைவியையும் உள்ளே கூப்பிட்டு, “இன்றிரவு மஞ்சளாகப் போகும், நாளன்றைக்குத் தெளியும்” என்று சொன்னேன். “அதையே ஒரு துண்டில எழுதித் தாங்க மிஸி, பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்ட” என்றார். எழுதிக் கொடுத்தேன். அடியில் லேசர் திகதியையும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.