கல்லாப்பெட்டிக்கு நடந்து வரும் காசு

திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி மேலே வந்ததும், வாகனத்தை விட்டு இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தே ஏறுகிறார்கள். அந்த வழியோரம் முழுக்கச் சிறு கடைகள். பனையோலைப் பெட்டி, சிப்பி மாலை, சங்கு, பிள்ளைகளுக்கான விளையாட்டுச் சாமான்கள், தாகத்துக்கு ஏதாவது குடிபானம். பனையோலைப் பெட்டி வாங்க வேண்டுமென்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு யாரும் புறப்பட்டு வருவதில்லை. ஆனாலும் இறங்கும்போது பலருடைய கையில் ஏதோ ஒரு பை தொங்குகிறது. அதே குடும்பம் அரை மணி நேரத்துக்கு முன்னர் வாகனத்தில் உட்கார்ந்து நகரத்தின் கடைகளை வரிசையாகக் கடந்து வந்திருக்கும். எந்தக் கடைப் பெயராவது நினைவிருக்கிறதா என்று கேட்டால் விழிப்பார்கள்.

ஒரே ஆட்கள், ஒரே பணப்பை. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் மாறியது அவர்களுடைய வேகம். வீதியை நடப்பதற்கு ஏற்றதாக மாற்றினால் கடைகளுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை தேட, நான் இந்தக் கோவில் வழியிலிருந்தே தொடங்குவேன்.

கணக்கு எளிது. மனிதர் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் நடக்கிறார், அதாவது ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1.4 மீற்றர். 5 மீற்றர் முகப்புள்ள ஒரு கடையைக் கடக்க அவருக்கு மூன்றரைச் செக்கன் ஆகும். மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் மோட்டார் சைக்கிளுக்கு அதே கடையைக் கடக்க அரைச் செக்கன்கூட வேண்டாம். அந்த அரைச் செக்கனிலும் ஓட்டுபவரின் கண் எதிரே வரும் முச்சக்கர வண்டியில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். டென்மார்க் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் கெல் நகரத் தெருக்களில் மனிதர்கள் நடப்பதையும் நிற்பதையும் பல பத்தாண்டுகளாக அளந்து வந்தவர். 100 மீற்றர் தூரத்துக்குள் 15 முதல் 20 கடைகள் இருந்தால், நடப்பவருக்கு நான்கைந்து செக்கனுக்கு ஒருமுறை புதிதாக ஒன்று கண்ணில் படும் என்பது அவர் கண்ட அளவு. நம்முடைய பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் இருக்கும் ஒடுங்கிய முகப்புள்ள பழைய கடைகள், யாரும் திட்டமிடாமலே, அந்த அளவுக்கு அருகில் வந்து நிற்கின்றன. பெரிய கண்ணாடிக் கட்டடங்களிடம் இல்லாத ஒரு செல்வம் இது.

பார்த்தது பிடித்துவிட்டால் நிற்க வேண்டும். நடப்பவருக்கு நிற்பதில் செலவே இல்லை, ஒரு காலைத் திருப்பினால் போதும். வாகனத்தில் வருபவர் வேகத்தைக் குறைத்து, இடம் தேடி, நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, பலவேளை வீதியைக் குறுக்கே கடந்து வர வேண்டும். பட்டியலில் எழுதி வைத்த சாமானுக்காக அவர் இவ்வளவும் செய்வார். நினையாமல் வாங்கும் ஒரு சோடிச் செருப்புக்காகச் செய்யமாட்டார்.

அப்படியானால் மாலை நான்கு மணிக்கு என்.சி. வீதியில் நடப்பவர்கள் எல்லோரும் கடைகளைப் பார்த்துக்கொண்டா போகிறார்கள்? சிறுவயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு நடந்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. அவருடைய ஒரு கையில் நான், மறு கையில் பை. நடைபாதை இருக்கும், பிறகு வடிகான் மூடி உடைந்த பள்ளம் வரும், அதைத் தாண்டினால் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்கள், அதற்கப்பால் ஒரு கடைக்காரர் வெளியே பரப்பிய வாளிகள். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வீதியில் இறங்கி ஏறினோம். இறங்கும் ஒவ்வொரு தடவையும் அம்மா பின்னால் திரும்பிப் பார்ப்பார். பின்னால் வரும் ஹோர்ன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்குப் பக்கத்திலிருக்கும் துணிக்கடை எப்படித் தெரியும்? வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு, வந்த வழியே விரைவாக வீடு திரும்பினோம்.

அந்தப் பயம் வீண் பயம் அன்று. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும் வாகனத்தைவிட 50 கிலோமீற்றரில் போகும் அதே வாகனம் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு மோதும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு செக்கன் என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த நல்ல வீதியில் 30 கிலோமீற்றரில் வரும் கார் சுமார் 13 மீற்றரில் நிற்கும். 50 கிலோமீற்றரில் வருவது நிற்க 28 மீற்றர் வேண்டும். நம் நாட்டில் நகரப் பகுதிக்கான பொது வேக எல்லை 50.

கோட்டை வாசலடியில் புள்ளிமான்கள் நிற்கும்போது கவனித்திருக்கிறீர்களா? எந்தப் பலகையும் சொல்லாமல் வாகனங்கள் ஊர்கின்றன. மான் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாததால் ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைக்கிறார். வீதி வடிவமைப்பாளர்கள் கல்லையும் கொங்கிரீட்டையும் வைத்துச் செய்ய முயல்வதும் இதைத்தான். வாகனம் ஓடும் தடம் அகலமாகவும் நேராகவும் இருந்தால் கால் அக்சிலேற்றரை அழுத்துகிறது. தடத்தை ஒடுக்கி, சந்தி மூலைகளை இறுக்கி, பாதசாரிக் கடவையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால் கால் தளர்கிறது. சந்தியில் நடைபாதையை இருபுறமும் சற்று வெளியே நீட்டி, 12 மீற்றர் கடவையை 7 மீற்றராகக் குறைத்துவிட்டால், செக்கனுக்கு ஒரு மீற்றர் நடக்கும் முதியவர் வாகனங்களின் எதிரே நிற்கும் நேரம் 12 செக்கனிலிருந்து 7 செக்கனாகிறது. அவருக்கு எதிர்ப்பக்கக் கடைகளும் வாடிக்கையாகின்றன.

இதைக் கடைக்காரர்களிடம் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “கடை வாசலில் வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் சனம் வேறு இடத்துக்குப் போய்விடும்.” இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். கடன் வாங்கிச் சரக்குப் போட்டவருக்கு ஒரு மாத நட்டமே பெரிது. ஆனால் இந்த அச்சம் எதன்மேல் நிற்கிறது என்பதைச் சிலர் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெர்லின் நகரின் கொட்புசர் டாம், ஹேர்மன் வீதி என்ற இரண்டு கடைத்தெருக்களில் 2,000 பேருக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களையும் 145 வியாபாரிகளையும் கேட்டு நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. தம் வாடிக்கையாளரில் ஏறத்தாழ 22 சதவீதம் பேர் காரில் வருவதாக வியாபாரிகள் மதிப்பிட்டார்கள். உண்மையில் வந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோமீற்றருக்குள் வசிப்பவர்கள் எட்டில் ஒரு பங்கு என்று நினைத்தார்கள், பாதிப் பேர் அப்படிப்பட்டவர்களாகவே இருந்தார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006இல் எடுத்த கணிப்பிலும் இதே சாயல்: காரில் வருபவர்கள் என்று வியாபாரிகள் ஊகித்தது 41 சதவீதம், கண்டது 22.

இவ்வளவு அனுபவமுள்ளவர்கள் ஏன் தவறுகிறார்கள்? காரில் வருபவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறார். நிறுத்த இடமில்லை என்று கல்லாவடியில் வந்து முறையிடுபவரும் அவர்தான். நடந்து வருபவர் சத்தமில்லாமல் வந்து, வாங்கி, போய்விடுகிறார். இன்னொரு காரணத்தையும் பெர்லின் ஆய்வு காட்டியது: தாமே காரில் வரும் வியாபாரிகள் காரில் வரும் வாடிக்கையாளரின் தொகையைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். நம் கடைத்தெருவிலும் பல வாசல்களில் காலை முதல் இரவு வரை நிற்கும் வாகனம் கடை உரிமையாளருடையதே. ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீற்றர் வேண்டும். அந்த இடத்தில் ஏழு மோட்டார் சைக்கிள்கள் நிற்கலாம், அதைவிடக் கூடுதலான சைக்கிள்கள் நிற்கலாம். வீதியோரத்தின் ஒவ்வொரு மீற்றரும் விற்பனை நிலம் என்று எண்ணிப் பார்த்தால், நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் ஒரு கார் எவ்வளவு வியாபாரத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்பது தெரியும்.

காரில் வருபவர் ஒரு தடவையில் அதிகம் வாங்குவது உண்மைதான். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கெலி கிளிஃப்டன் என்ற பேராசிரியையின் குழு 2012இல் இதை அளந்தது. பெரிய சுப்பர்மார்க்கெட்டில் கார்க்காரரே கூடுதலாகச் செலவழித்தார். ஆனால் உணவகங்களிலும் சிறு கடைகளிலும் நடந்தும் சைக்கிளிலும் வருபவர்கள் அடிக்கடி வந்ததால், மாதக் கணக்கில் அவர்கள் கொடுத்த பணம் குறையவில்லை, பலவேளை கூடியது. திருகோணமலைக் கடைத்தெருவில் உள்ளவை தேநீர்க்கடையும் பேக்கரியும் பாமசியும் புடைவைக்கடையும். அரிசி மூட்டையும் சீமெந்தும் விற்பவருக்கு வாசலில் வாகனம் வேண்டும் என்பதை மறுக்கமாட்டேன். அவர்களுக்குக் காலையில் லொறி வந்து இறக்க நேரம் ஒதுக்கலாம், பக்கத் தெருவில் ஏற்றுமிடம் கொடுக்கலாம்.

வாகனங்களை அறவே நிறுத்திய வீதிகளும் உலகில் உண்டு. கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயெட் வீதியை 1962 நவம்பரில் மூடியபோது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அது அந்நகரின் முதன்மையான கடைத்தெரு. அந்த ஆண்டு 15,800 சதுர மீற்றராக இருந்த நடைவெளி 2005க்குள் ஏறத்தாழ ஓர் இலட்சம் சதுர மீற்றராக வளர்ந்தது, ஒவ்வொரு தெருவாக, பழக அவகாசம் கொடுத்து. ஸ்ட்ரோயெட்டுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1959இல், அமெரிக்காவின் கலமசூ நகரமும் கடைத்தெருவை மூடியது. அங்கே காலப்போக்கில் சனம் குறைந்தது, 1998இல் அதன் ஒரு பகுதியை மீண்டும் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அமெரிக்காவில் இப்படித் தோற்ற தெருக்கள் ஏராளம். குடும்பங்கள் புறநகருக்குப் போய், பெரிய அங்காடிகளும் அவற்றைத் தொடர்ந்து போன பிறகு, நடப்பதற்கு ஆளில்லாத நகர மையத்தை நடைத்தெருவாக்கி என்ன பயன்? நடைபாதை சனத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே வருகிறவர்களைத் தங்க வைக்கிறது.

நம் ஊரின் பலம் இங்கேதான் இருக்கிறது. பஸ் நிலையம், மீன் சந்தை, பத்திரகாளி அம்மன் கோவில், பாடசாலைகள், மாலையில் சனம் கூடும் கடற்கரை எல்லாம் நடை தூரத்துக்குள். ஆள் உண்டு, அவர் காலூன்றி நிற்க இடம்தான் இல்லை. அதனால் வீதியை முழுதாக மூட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. வேகத்தைத் தணித்து, நடப்பவருக்குத் தொடர்ச்சியான ஒரு பாதை கொடுத்தால் போதும். வாகனங்கள் எல்லாம் அடுத்த தெருவில் போய் நெரியும் என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. கேர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின் என்ற மூன்று ஆய்வாளர்கள் வீதி இடம் குறைக்கப்பட்ட சுமார் 70 இடங்களை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். பாதி இடங்களில் 11 சதவீதத்துக்கு மேற்பட்ட போக்குவரத்து, சுற்றுத் தெருக்களையும் சேர்த்து எண்ணிய பிறகும், இல்லாமலே போயிருந்தது. சிலர் நேரத்தை மாற்றினார்கள், சிலர் இரண்டு பயணங்களை ஒன்றாக்கினார்கள், சிலர் நடந்தார்கள்.

நல்ல நடைபாதைக்கு மூன்று பட்டிகள் வேண்டும். கடைச் சுவரோரம், நின்று பார்ப்பவருக்கும் வெளியே பரப்பும் சாமானுக்கும் ஒன்று. நடுவில் தடையே இல்லாத நடைப்பட்டி, இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 1.8 மீற்றராவது. வீதியோரம் மரம், மின்கம்பம், குப்பைத் தொட்டி, மோட்டார் சைக்கிள்கள். இந்த மூன்றையும் பிரிக்காமல் பரப்புச் சாமான்களை அள்ளிக்கொண்டு போவதும், அடுத்த வாரம் அவை திரும்ப வருவதும் யாருக்கும் பயன் தராத சடங்கு. வடிகானுக்கு உறுதியான மூடி அவசியம். வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர், டிசம்பரில் நீர் வடியாத நடைபாதையில் எவரும் நடக்கமாட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரியது நிழல். கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு கடைத்தெரு காலியாகிவிடுவதை எல்லோரும் அறிவார்கள். நிழலில் காற்றின் வெப்பநிலை பெரிதாகக் குறைவதில்லை. ஆனாலும் உடல் இளைப்பாறுகிறது, ஏனென்றால் உச்சி வெயில் ஒவ்வொரு சதுர மீற்றர்மேலும் ஏறத்தாழ 1,000 வாற்று ஆற்றலைக் கொட்டுகிறது, இலைக்கூரை அதில் பெரும்பங்கைத் தடுத்துவிடுகிறது. கறுத்த தார் அந்த வெயிலைக் குடித்து, 60 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடேறி, கீழிருந்தும் நம்மைச் சுடுகிறது. மரம் வேரால் எடுத்த நீரை இலைவழியே ஆவியாக்கி அந்த வெப்பத்தைச் செலவழிக்கிறது. வேம்பும் புங்கையும் நம் மண்ணுக்குப் பழகியவை, உப்புக் காற்றுக்குப் பூவரசு அஞ்சாது. மரம் வளரும்வரை, பழைய கடைகளுக்கு இருந்த முன்விறாந்தையை மீட்டெடுக்கலாம். நிழல் தொடரும் தெருவில் இரண்டு மணிக்கும் வாடிக்கையாளர் இருப்பார்.

இதில் நட்டப்படுகிறவர்களும் உண்டு. தோண்டும் மாதங்களில் வியாபாரம் விழும், ஆகவே வேலையை முழு வீதிக்கும் ஒரேயடியாகத் தொடங்காமல் சிறு துண்டுகளாக முடிக்க வேண்டும். தெரு அழகானதும் வாடகை ஏறினால் சிறு கடைக்காரர் வெளியேறுவார். நடைபாதையில் வடையும் கச்சானும் விற்கும் பெண்களை ஒழுங்கு என்ற பெயரில் முதலில் துரத்துவார்கள். நடப்பவரை நிற்க வைப்பதில் அவர்களுக்கும் பங்கிருக்கிறது, அவர்களுக்கு வரைபடத்திலேயே இடம் குறிக்க வேண்டும்.

பெர்லினை நம்ப வேண்டாம், கோபன்ஹேகனையும் நம்ப வேண்டாம் என்று கடைக்காரர்களிடம் நானே சொல்வேன். உங்கள் வாசலில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு வெள்ளி மாலை. நடந்து வந்தவர், பஸ்ஸில் வந்து நடந்தவர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார் என்று கோடு கிழித்து எண்ணுங்கள். எவ்வளவுக்கு வாங்கினார், மாதத்தில் எத்தனை தடவை வருகிறார் என்பதையும் எழுதுங்கள். வீதி மாறிய பிறகு அதே மாதத்தில் மறுபடி எண்ண வேண்டும், ஏனென்றால் மே முதல் செப்டெம்பர் வரை வரும் உல்லாசப் பயணிகளும் ஆண்டிறுதி மழையும் கணக்கைக் குழப்பிவிடும். மாற்றம் செய்யாத இன்னொரு தெருவிலும் அதே நாட்களில் ஒருவர் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நாடு முழுவதும் வியாபாரம் ஏறியதா, இந்த வீதியில் மட்டும் ஏறியதா என்பதை அந்த இரண்டாவது கொப்பிதான் காட்டும்.