கம்ப்ரெஷன்: சுருக்கமா, அமுக்கமா?

"ஃபைல் பெருசா இருக்கு, கம்ப்ரெஸ் பண்ணி அனுப்பு." பாட்டுப் பகிர்கிற எல்லோர் வாயிலும் வரும் பேச்சு இது. லத்தீனில் 'காம்' என்றால் ஒன்றாக, 'பிரெமெரே' என்றால் அழுத்துதல். இரண்டும் கூடிப் பிறந்த சொல் கம்ப்ரெஸ். அச்சகத்தைக் குறிக்கும் பிரஸ்ஸுக்கும் அதே வேர்தான். பஞ்சுப் பொதிக்கும் காற்றுக்கும் அது சரி. பாட்டை யாரும் அழுத்துவதில்லையே. அப்படியானால் தமிழில் இதை எப்படிச் சொல்வது?

சிடியில் உள்ள பாட்டு, விநாடிக்கு 44,100 முறை, இடம் வலம் இரண்டுக்கும் தனித்தனியே, 16 பிட் (0 அல்லது 1 என்னும் இலக்கம்) கொண்ட எண்ணாகப் பதிவாகிறது. ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட். தொலைபேசி வழி இணையம் தந்த அந்தக் கால 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடியிருந்தாலும், அதை இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 4.8 மெகாபைட்; பன்னிரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

எம்பி3 என்பதில் உள்ள 3, ஒலிக்கும் காணொளிக்குமான எம்பெக்-1 தரத்தின் மூன்றாம் ஒலி அடுக்கைக் குறிக்கிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், ஃபிரான்ஹோபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ட்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் அதற்குப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். கோப்புப் பெயரின் கடைசியில் வரும் அந்த மூன்றெழுத்து 1995 ஜூலையில் முடிவானது. அவர்கள் நம்பியது நம் காதின் இயல்பை. தவில் ஓங்கி ஒலிக்கும் நொடியில், அதையொட்டிய சுருதியில் இருக்கும் மெல்லிய ஒலி நமக்குக் கேட்பதில்லை. கேட்காத ஒலிக்கு எதற்கு அவ்வளவு இடம்? எம்பி3 அதற்குக் கொஞ்சம் பிட்டுகளே ஒதுக்கும், சிலவற்றை விட்டேவிடும். விட்டது திரும்பி வராது.

பள்ளித் தேர்வில் 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுக' என்பார்களே, அதே வேலைதான் இது. கருத்து நிற்கும், சொற்கள் போய்விடும். ஆனால் பாட்டியின் சுருக்குப் பையை நினைத்துப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், தளர்த்தினால் பை பழையபடி விரியும், உள்ளே வெற்றிலை பாக்கு அப்படியே இருக்கும். 2001இல் வெளிவந்த ஃபிளாக் (FLAC) என்னும் ஒலிக்கோப்பு வடிவம் அப்படிப்பட்டது. ஒரு பிட் கூட இழக்காது; அதனால் எம்பி3 அளவுக்குச் சிறியதாகவும் ஆகாது. இரண்டையும் தமிழின் 'சுருக்கு' ஏற்கெனவே தனக்குள் வைத்திருக்கிறது. எனவே சுருக்கம்தான் சரியான சொல் என்பது என் துணிபு. வேறுபடுத்த வேண்டிய இடத்தில் இழப்புள்ள சுருக்கம், இழப்பில்லாச் சுருக்கம் என்போம்.

அப்புறம், ஒலிப்பதிவுக் கூடத்தில் சொல்லும் கம்ப்ரெஷன் முற்றிலும் வேறு. அங்கே ஓங்கிய ஒலியைத் தணித்து, உரத்ததற்கும் மெல்லியதற்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறார்கள். கோப்பின் அளவைக் குறைப்பது அதன் நோக்கமே அல்ல. அதற்கு 'அமுக்கம்' பொருந்தும். ஒலி உண்மையிலேயே அமுக்கப்படுகிறது. ஆங்கிலம் ஒரே சொல்லால் குழப்பிக்கொள்ளும் இடத்தில் நமக்கு இரண்டு சொற்கள் கிடைக்கின்றன.

'சுருக்கி அனுப்பு' என்று யாராவது கேட்டால், மூலக் கோப்பிலிருந்தே சுருக்குங்கள். எம்பி3ஐ மறுபடி எம்பி3 ஆக்கினால், சுருக்கி எழுதியதையே இன்னொரு முறை சுருக்கி எழுதியது போலாகும்.