பூசிய இடம் கல்லு மாதிரி, பக்கத்தில் ஏன் பெயர்கிறது?

நாகப்பட்டினத்தில் கடற்கரையை ஒட்டி வீடு வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி. மாடித் தளத்தின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்ததாம். கொத்தனாரை வைத்துச் சுரண்டிப் பூசியிருக்கிறார். பூசிய இடம் கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டே வருடத்தில் ஒரு சாண் தள்ளிப் பெயர ஆரம்பித்துவிட்டது. வாஸ்து சரியில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களாம்.

வாஸ்துவுக்கு இங்கே வேலையே இல்லை. தப்பு அந்தப் பூச்சில்தான், அதுவும் அது நல்ல பூச்சு என்பதில்தான்!

சிமெண்ட் கடுமையான காரம், பிஎச் 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கும். உப்புக்காற்றில் வரும் குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கி அந்தப் படலத்தை ஓர் இடத்தில் ஓட்டை போடும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் பிளக்கும். இதுவரை பள்ளிப் பாடம்தான்.

இனிமேல்தான் வேடிக்கை. ஓட்டை விழுந்த இடத்தில் இரும்பு கரையும்போது வெளிவரும் எலக்ட்ரான்கள் கம்பிக்குள்ளேயே ஓடிப் பக்கத்துப் பகுதிக்குப் போகின்றன. அங்கே ஆக்சிஜனும் ஈரமும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடாக, அதாவது புதிய காரமாக மாறுகின்றன. அதோடு, எதிர்மின் கொண்ட குளோரைடு அயனிகள் அக்கம்பக்கத்தை விட்டுவிட்டுத் துருப்பிடிக்கும் இடத்தை நோக்கி நகர்கின்றன. ஆக, துருப்பிடித்த அந்த ஒரு விரல்கடைக் கம்பி, தான் கரைந்துகொண்டே இரண்டு பக்கத்துக் கம்பியையும் காப்பாற்றி வந்திருக்கிறது. நீங்கள் அதைச் சுத்தம் செய்து, உப்பில்லாத புதுக் காரச் சாந்துக்குள் வைத்துவிட்டீர்கள். காவல் போச்சு. அக்கம்பக்கத்துப் பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கிறது. அடுத்த ஓட்டை அங்கே விழுகிறது. இப்போது பூச்சுக்குள் இருக்கும் நல்ல கம்பியே அதன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது.

சரி, தியாகம் செய்ய ஆள்தானே வேண்டும்? இரும்புக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகத்தை வைத்துவிடலாம். 1824-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டை இப்படித்தான், துத்தநாகமும் இரும்பும் பொருத்திக் காப்பாற்றினார். செம்பு கரையவில்லை. கரைந்தால்தானே அது விஷமாகும்? அதனால் கப்பலடியில் ஒட்டும் கடலுயிரிகளான கொட்டலசுகள் ஆனந்தமாக வந்து ஒட்டிக்கொண்டன, பாவம். கான்கிரீட்டில் அந்தத் தொல்லை கிடையாது.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, உலோகம் இப்படித் துருப்பிடித்து அரிபடும் அரிமானத்தை ஆராய்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான நிறுவனம். மண்டபம் கடலோரத்திலும் அவர்களுக்குச் சோதனைத் தளம் உண்டு. கம்பியைக் கடல் காற்றில் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் வேலை இது. மூன்று வருடத் திட்டத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு இருபது வருடத் துருவைப் பார்த்துச் சொல் என்றால் எப்படி?

வாசகருக்கு: அடுத்த முறை கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுழையும்படி கொத்தச் சொல்லுங்கள். துருவைப் பளபளவென்று தேய்த்த பிறகு, சாந்து உறை போட்ட துத்தநாக வில்லையைப் பூச்சின் ஓரத்தில், கம்பியோடு கம்பியாக இறுக்கிக் கட்ட வேண்டும். அந்த உறைச் சாந்தில் காரம் மிக அதிகம். இல்லாவிட்டால் துத்தநாகமும் தன் மேல் படலம் போட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடும். கட்டு தளர்ந்தால் எலக்ட்ரான் ஓடாது. வில்லைக்கும் கம்பிக்கும் மின் இணைப்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே பூசச் சொல்லுங்கள்.