அரிப்பு ஏன் தாமதமாக வருகிறது?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஐந்து மாதக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு, ராத்திரியானால் அழுகை. "கரப்பான்" என்று சொல்லி அம்மாயி, பால் கொடுக்கும் இவருக்குக் கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டார். இரண்டு மாதமாகியும் குறையவில்லை.

கரப்பானாக இருக்கலாம். கன்னமும் கைகால்களின் வெளிப்பக்கமும் வறண்டு சிவந்து, நாப்கின் கட்டும் இடம் மட்டும் தப்பியிருந்தால் பெரும்பாலும் அதுதான். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், அக்குளில் சிறு கொப்புளங்கள் இருந்தால் மருத்துவர், "வீட்ல வேற யாருக்காச்சும் அரிக்குதுங்களா?" என்று கேட்பார். அவர் சந்தேகிப்பது சிரங்கை (ஸ்கேபிஸ்), தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயை.

சிரங்குப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி மேல்தோலில் சுரங்கம் தோண்டி, தினம் இரண்டு மூன்று முட்டை இடும். அரிப்பு அது கடிப்பதால் வருவதில்லை. பூச்சி, முட்டை, கழிவு ஆகியவற்றை நம் நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்ப்பதுதான் அரிப்பு. முதல் தடவை என்றால் அந்த எதிர்ப்பு உருவாகவே 4 முதல் 6 வாரம் ஆகும். ஏற்கெனவே வந்தவருக்கு உடம்பு மறக்காது. ஓரிரு நாளிலேயே சொறியத் தொடங்குவார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீர் விசேஷத்தில் யாரோ தூக்கிக் கொஞ்சியபோது குழந்தைக்குத் தொற்றியிருக்கும். ஆனால் முன்பு ஹாஸ்டலில் சிரங்கு கண்ட அம்மாதான் முதலில் சொறிவார். பழி அவர்மேல் விழும்! யார் முதலில் சொறிந்தார் என்பதை வைத்து யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது.

கண்டுபிடிக்க உருப்பெருக்கிக் கருவியால் சுரங்கத்தின் முனையைப் பார்ப்பார்கள். அங்கே சின்னக் கரும் முக்கோணமாகத் தெரிவது பூச்சியின் முன்பகுதி. இத்தாலியில் 1687இலேயே நுண்ணோக்கியில் பார்த்து வரைந்துவிட்ட பூச்சி இது. உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்ததோ 2017இல். நெருக்கியடித்து வாழ்பவர்களின் நோய் என்றால் ஆராய்ச்சிப் பணம் மெதுவாகத்தான் வரும்போல.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு சிவப்பை மட்டும் மறைக்கும், பூச்சி பெருகும். மருத்துவர் பெரும்பாலும் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு எழுதுவார். கைக்குழந்தைக்குத் தலையிலும் பூசச் சொல்வார். ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். தொட்டில் சேலையைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். பூச்சி செத்தாலும் அதன் மிச்சம் தோலில் இருக்கும்வரை, சில வாரம், அரிக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம்.

கத்திரிக்காய்க்கும் சிரங்குக்கும் சம்பந்தமே இல்லை. மருந்தை வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், இன்னும் அரிப்பே தொடங்காத அம்மாயி உட்பட.