25 வருஷ இடைவெளில சிக்கின எடை

முயல் நட்சத்திரக் கூட்டத்துல, நம்மகிட்டேர்ந்து சுமார் 19 ஒளியாண்டு தள்ளி கிளீசே 229ன்னு ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரம் இருக்கு. அத ஒரு பழுப்புக் குள்ளன் சுத்தி வருது, அதாவது கிரகத்த விட கனம், ஆனா நட்சத்திரமா எரியற அளவுக்கு கனம் பத்தாத ஒரு உருண்டை, 1995ல அறிவிச்சாங்க. ஒரு சுத்து முடிய 200 வருஷத்துக்கு மேல ஆகும். இதுவரைக்கும் நாம பாத்தது அதுல ஒரு சின்ன வில்லு மட்டும்தான், அந்த துண்ட வச்சு முழு பாதையையும் எடையையும் எப்படி கண்டுபிடிக்கறது?

பழைய கேட்லாக்கையும் புது கேட்லாக்கையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். 1989ல போன ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் 1991 வாக்குல கிட்டத்தட்ட 1,18,000 நட்சத்திரத்தோட இடத்த குறிச்சு வச்சுது. 2013ல போன கையா அதே நட்சத்திரங்கள 2016 கணக்குக்கு இன்னும் துல்லியமா அளந்துச்சு. நடுவுல கிட்டத்தட்ட 25 வருஷம்.

தாம்பரத்துலேர்ந்து விழுப்புரம் வர தூரத்த ஆன நேரத்தால வகுத்தா பஸ்ஸோட சராசரி வேகம், விழுப்புரத்துக்குள்ள நுழையறப்ப ஸ்பீடோமீட்டர பாத்தா அந்த நேரத்து வேகம். நட்சத்திரத்துக்கும் இதேதான். ரெண்டு கேட்லாக்குல இருக்கற இடத்தோட வித்தியாசம் சராசரி வேகத்த சொல்லும், கையா தனியா அளந்தது இப்போதைய வேகம். தனியா போற நட்சத்திரத்துக்கு ரெண்டும் ஒண்ணாதான் இருக்கணும், இல்லேன்னா பக்கத்துல ஏதோ ஒண்ணு இழுக்குது. எவ்ளோ இழுக்குதுன்னு இதுல தெரியும், எவ்ளோ தள்ளி இருக்குன்னு போட்டோல தெரியும், ரெண்டையும் வச்சா இழுக்கறதோட எடை வந்துடும்!

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது ஒண்ணு இருக்கு. ஹிப்பார்கோஸ் அளவுல சுமார் ஒரு மில்லி ஆர்க்செகண்ட் (வானத்துல கோணத்த அளக்கற ரொம்ப சின்ன அலகு) பிழை உண்டு, நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால வச்ச ஒரு ரூபாய் காசு அளவுன்னு வச்சுக்கோங்க. கையாவோட ஒப்பிட்டா அது பெரிய பிழைதான், ஆனா வேகம் கணக்கு பண்றப்ப அத 25ஆல வகுக்கறோம், வருஷத்துக்கு 0.04 மில்லி ஆர்க்செகண்ட்தான் மிஞ்சும். பழைய அளவு பழசா இருக்கறதே அதோட பலம்.

ஆனா சும்மா கழிச்சா போதாது. ரெண்டு கேட்லாக்கும் திசைய குறிக்க வச்சிருக்கற அச்சுகள் ஒண்ணுக்கொண்ணு லேசா திரும்பி இருக்கும், கேட்லாக்ல சொல்ற பிழையும் உண்மைய விட கம்மியா இருக்கும், அத சரி பண்ணலேன்னா இல்லாத இழுவை இருக்கற மாதிரி தெரியும். 1855ல நுங்கம்பாக்கத்துல இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துல கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கிங்கற இரட்டை நட்சத்திரத்தோட பாதை கணக்குக்கு ஒத்து வரல, அங்க ஒரு கிரகம் இருக்கலாம்னு எழுதினார். அப்படி எதுவும் இல்லன்னு பின்னாடி தெரிஞ்சுது. அந்தக் காலத்து அளவுகளோட பிழைக்குள்ள அவ்ளோ நுணுக்கமா எதையும் பிடிக்க முடியாது, பாவம். வானியலாளர் டிமோத்தி பிராண்ட் 2018ல ஹிப்பார்கோஸையும் கையாவையும் சேத்து கேட்லாக் போட்டப்ப பெரும்பாலான உழைப்பு இந்த சரிபார்ப்புக்குத்தான். ஹிப்பார்கோஸ் தரவ ரெண்டு தடவ தனித்தனியா கணக்கு பண்ணிருந்தாங்க, ரெண்டையும் 60க்கு 40ங்கற கணக்குல கலந்தா தனித்தனியா இருக்கறத விட நல்லா வருதுன்னும் கண்டுபிடிச்சார்.

இப்படித்தான் கிளீசே 229ஓட துணையான அந்த பழுப்புக் குள்ளனுக்கு 71 வியாழன் எடைன்னு, அதாவது வியாழன் கிரகத்த மாதிரி 71 மடங்கு எடைன்னு வந்துச்சு. அங்கதான் எல்லாரும் முழிச்சாங்க, அவ்ளோ கனமா இருந்தா இன்னும் நல்லா பிரகாசிக்கணும், இதுவோ ரொம்ப மங்கல். அளவு தப்பா, கோட்பாடு தப்பா? 2024ல சிலில இருக்கற பெரிய தொலைநோக்கிகள வச்சு உத்துப் பாத்தா அது ஒண்ணே இல்ல, ரெண்டு, 12 நாளைக்கு ஒரு தடவ ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு. ஒண்ணு 38 வியாழன் எடை, இன்னொண்ணு 34. கூட்டிப் பாருங்க, அந்த 71 கிட்டத்தட்ட அப்படியே வந்து நிக்குது.