குதிரைக்கு உறவில்லை, மாங்காய்க்கு உண்டு

யாழ்ப்பாணத்துக் கடையில் "ஒரு கிலோ மா தாங்கோ" என்றால் மாவு கட்டிக் கொடுப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் "அவருக்கு மூணு மா இருக்கு" என்றால் அது நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. பழைய பின்னக் கணக்கிலும் மா என்பது இருபதில் ஒரு பங்குதான். ஆக, நில மாவும் கணக்கு மாவும் ஒரே சொல். மாமரமும், விலங்கைக் குறிக்கும் மாவும் அப்படியல்ல. அவை வேறு வேறு வேரில் பிறந்து, ஒலியில் மட்டும் ஒன்றாக நிற்பவை.

சங்கப் பாடல்களில் மா என்றால் குதிரையும்கூட. சீன மொழியிலும் குரலைத் தாழ்த்தி எழுப்பி 'மா' என்றால் குதிரை! உடனே உறவு கொண்டாடத் தோன்றும். ஆனால் அதே மாவை உயர்ந்த குரலில் சீராகச் சொன்னால் அம்மா, குரலைச் சட்டென்று இறக்கினால் திட்டுவது. இத்தாலியில் மா என்றால் 'ஆனால்'. சமஸ்கிருதத்தில் 'வேண்டாம்'. மனித வாய் எழுப்பும் ஒலிகள் கொஞ்சம், பொருள்களோ கணக்கில்லாதவை. ஓரசைச் சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகாமல் இருந்தால்தான் வியப்பு.

அம்மாவின் கதை வேறு. பால் குடிக்கும் குழந்தையின் உதடு மூடியிருக்கும். மூக்கு வழியே 'ம்ம்' என்ற முனகல்தான் வரும். வாயை எடுத்து அழுதால் அது 'மா'. இந்த விளக்கத்தை முன்வைத்தவர் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன். அந்த ஒலிக்குப் பொருள் தருவது பெரியவர்கள்தான். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா!

சரி, உண்மையான உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சொல்லின் சாயல் போதாது, மாற்றம் வரிசையாக வர வேண்டும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. புலி, ஹுலி. பாம்பு, ஹாவு. சொல்லின் முதலில் நாம் 'ப' சொல்லும் இடத்தில் அவர்கள் 'ஹ' சொல்கிறார்கள். இப்படி அடுக்கடுக்காக வந்தால் அது தற்செயலாக இருக்க முடியாது. தமிழ்க் குதிரைக்கும் சீனக் குதிரைக்கும் இடையே இப்படி ஒரு வரிசை கிடையாது.

கடன் வாங்கிய சொற்களோ வணிகரோடு ஊர் ஊராகப் போகும். நம் மாங்காய் மலாயிலும் போர்த்துக்கீசியத்திலும் 'மங்கா' ஆனது, ஆங்கிலத்தில் மேங்கோ. சீனர்கள் மாம்பழத்தை 'மாங்குவோ' என்கிறார்கள். அதில் 'குவோ' என்றால் அவர்கள் மொழியில் பழம். முன்னால் நிற்கும் 'மாங்' நம்முடையது.