பொய்த்தோற்றம்: நாடிக்குள் தெரியும் இல்லாத கோடு

பெரியம்மாவின் கழுத்தை ஒலியலைகளால் ஸ்கேன் செய்தபோது, தலைக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடியின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. வைத்தியர் கருவியைச் சற்றுச் சரித்ததும் அது மறைந்தது. "அது ஆர்டிபாக்ட், பயப்பட ஒன்றுமில்லை" என்றார். அட்டனில் இறங்கித் தோட்டத்து லயத்துக்கு நடக்கும் வரை பெரியம்மா அச்சொல்லின் பொருளைக் கேட்டபடியே வந்தார். தமிழில் சொல்ல எனக்கு அப்போது சொல் அகப்படவில்லை.

ஆர்டிபாக்ட் என்பது 'திறத்தால் ஆக்கப்பட்டது' எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தொல்லியலில் அது மனிதர் செய்த பொருளைக் குறிப்பதால், அங்கே கைவினைப்பொருள் என்பது பொருந்தும். மருத்துவப் படத்திலோ, உடலில் இல்லாமல் கருவியும் ஒலியின் இயல்பும் சேர்ந்து ஆக்கிய உருவை அது குறிக்கிறது. அங்கே 'கலைப்பொருள்' என்று எழுதுவது நோயாளியைக் குழப்பும். பொய்த்தோற்றம் என்பதே தகும் என்பது என் கருத்து. பொய்யொலி என்று சொல்லக்கூடாது, ஏனெனில் திரும்பி வந்த ஒலி மெய்யானது. படத்தில் அது பெற்ற இடம் மட்டுமே பொய்.

இதை மலையகத்தவர் எளிதில் உணர்வர். எதிரெதிரே இரு மலைகள் நிற்கும் பள்ளத்தாக்கில் தப்படித்தால், ஓரடியின் ஓசை இங்கும் அங்கும் தெறித்துப் பலமுறை கேட்கும். கேட்கும் நேரத்தை மட்டும் வைத்துத் தூரத்தைக் கணித்தால், பிந்தி வந்த ஓசைக்காக அப்பால் இன்னொரு மலை இருப்பதாக முடிவு செய்வோம். ஸ்கேன் கருவியும் அப்படித்தான் கணிக்கிறது. செக்கனுக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட கழியொலி (அல்ட்ராசவுண்ட்), மென்னிழையங்களில் செக்கனுக்கு 1,540 மீற்றர் வேகத்தில், ஒரே ஒரு முறை தெறித்து நேரே திரும்புவதாக அது கொள்கிறது. குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் கழுத்து நாளத்தின் சுவருக்கும் நாடியின் சுவருக்கும் இடையில் ஒலி இருமுறை அலைந்தால், அந்தத் தாமதத்தை ஆழமாக எண்ணி, குருதி மட்டுமே ஓடும் இடத்தில் கோடு வரைந்துவிடுகிறது. நாடிச்சுவர் கிழிந்ததோ, கொழுப்புப் படிந்ததோ என்று ஐயுற அக்கோடு போதும்.

ஒலி திரும்பத் திரும்பத் தெறிப்பதால் எழும் இவ்வகைப் பொய்த்தோற்றத்துக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் 'எதிர்முழக்கம்', மண்டபத்தில் ஓசை நீடிப்பதையே நினைவூட்டுகிறது. நம் இலங்கைப் பாடநூல்களில் ஏற்கெனவே 'தெறிப்பு' இருப்பதால், மீள்தெறிப்பு என்பதே எனக்கு உவப்பானது.

இப்பொய்த்தோற்றத்தைக் குறைக்கும் வழிகளில் முதலாவது, அந்த வைத்தியர் செய்ததுபோல் கோணத்தை மாற்றிப் பார்ப்பது. மெய்யான கோடு பெரும்பாலும் கோணம் மாறினாலும் இருக்கும். பல கோணங்களில் ஒலியைச் செலுத்தி, கிடைத்த படங்களைக் கருவியே ஒன்றாக்கும் முறையும் உண்டு. செலுத்திய ஒலியின் மீடிறனின் (செக்கனுக்கான அதிர்வுகளின் எண்ணிக்கை) இரட்டிப்பில் எழும் ஒலியை மட்டும் ஏற்கும் முறையும் உதவும்: அவ்வொலி இழையத்தினூடே செல்லச்செல்லவே வலுப்பெறுவதால், தோலருகே பிறக்கும் மீள்தெறிப்புகள் அதில் மங்கிவிடும். குருதியோட்டத்தை நிறத்தால் காட்டும் நிற டொப்ளர் முறையில் குருதியின் நிறம் கோட்டைத் தடையின்றிக் கடந்து நிறைந்தால், கோடு பொய் என்ற எண்ணம் வலுப்படும்.

ஆயினும் எல்லாவற்றையும் துடைத்துவிடக் கூடாது. சுண்ணாம்பு படிந்த இடத்தின் பின்னால் விழும் கருமையும் ஆர்டிபாக்ட் என்றே வகைப்படுத்தப்படுகிறது; பல கோணப் படங்களை ஒன்றாக்கும்போது அது மங்கிப்போகலாம். படிவு இருப்பதை உணர்த்தும் அடையாளம் அது என்பதால், அதைப் பொய்த்தோற்றம் என்னாமல் ஒலிநிழல் என்றே நான் எழுதுவேன்.